நாயின் உடைமையாளர் யார்?



தெருவோரம் படுத்திருக்கும் நாயொன்று யாருடையது என்று அயலவரைக் கேட்டுப் பாருங்கள். அது குரைத்துக் கள்வனை விரட்டிய மறுநாளாயின், அதற்குச் சோறு வைப்பவர்கள் தாங்களே என்று மூன்று வீட்டார் முன்வருவர். பள்ளிக்குச் சென்ற சிறுவனைக் கடித்த மறுநாளாயின், அம்மூன்று வீட்டாரில் ஒருவரும் அதனை அறியார். நாய்களைப் பதிவு செய்யும் சட்டங்கள் உலகில் தோன்றியமைக்கு இவ்விரண்டாம் நாளே பெரிதும் காரணமாகும்.

கடித்த நாய்க்கு உடைமையாளர் ஒருவர் உண்டெனில், தடுப்பூசி ஏற்றப்பட்டதா என்று அவரிடம் வினவலாம். நாயைக் கட்டி வைத்துப் பத்து நாட்கள் கவனிக்கலாம். உடைமையாளர் இல்லையெனில் இவ்விரண்டும் அரிதாகிவிடும். விசர்நாய்க்கடி நோயோ, அறிகுறி தோன்றிய பின்னர் ஏறக்குறைய எவரையும் விட்டுவைப்பதில்லை. விசர் கொண்டதெனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளால் கடியுண்போரில் ஏறத்தாழ 40 வீதத்தினர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே, நாய்ப் பதிவு என்பது குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய காரியமாகும்.

பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் இந்நோய்க்கான தடுப்பு மருந்தை முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றியது 1885ஆம் ஆண்டில். அதன்பின் எட்டாண்டுகளில், 1893இல், இலங்கையில் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் வந்தது. நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டணம் செலுத்தித் தம் நாயைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

அக்காலத்தில் நம்மை ஆண்ட பிரித்தானியரின் சொந்த நாட்டிலே இம்முறை எவ்வாறு நடைபெற்றது என்பதை நோக்குவோம். அங்கே 1796இல் நாய்களுக்கு வரி விதிக்கப்பட்டது. 1867இல் அனுமதிப் பத்திர முறை வந்தது. 1878இல் அதன் கட்டணம் ஏழு சிலிங் ஆறு பென்ஸ் ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அக்கட்டணம் உயர்த்தப்படவேயில்லை. புதிய நாணய முறை வந்த பின்னர் அது வெறும் 37 பென்ஸாக நின்றது. அதனையுங்கூடச் செலுத்தியோர் நாய் வளர்ப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேரே. ஈற்றில் 1987இல் அனுமதிப் பத்திரம் கைவிடப்பட்டது. வட அயர்லாந்தில் மட்டும் அது தொடர்ந்தது.

அனுமதிப் பத்திரத்தின் பெருங்குறை யாது? பத்திரம் உடைமையாளரின் பெட்டிக்குள் இருந்தது. நாயோ தெருவில் நின்றது. இரண்டையும் இணைக்கும் அடையாளம் கழுத்துப் பட்டி ஒன்றே. பட்டி அறுந்து விழும்; வேண்டாதவர் அதனைக் கழற்றியும் விடுவர்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே நுண்சில்லு. அரிசிமணி அளவான கண்ணாடிக் குமிழொன்றை மிருக வைத்தியர் ஊசி மூலம் நாயின் தோள்களுக்கிடையே தோலின் கீழ் செலுத்துகின்றார். அதற்குள் மின்கலம் எதுவுமில்லை. வாசிப்புக் கருவியை அண்மையிற் கொண்டு சென்றால், அக்கருவி அனுப்பும் வானொலி அலையின் ஆற்றலைக் கொண்டே சில்லு விழித்தெழுந்து, தன்னிடமுள்ள பதினைந்து இலக்க எண்ணைத் தெரிவிக்கின்றது. வானொலி கேட்கும் உங்களுக்கு அலைகளின் இவ்வித்தை அந்நியமானதன்று.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். காணாமற்போன நாய் எங்கே நிற்கின்றது என்பதைச் சில்லு காட்டும் எனச் சிலர் நம்புகின்றனர். அது காட்டாது. உங்கள் பெயரும் முகவரியுங்கூட அதற்குள் இல்லை. உள்ளது எண் மட்டுமே. அவ்வெண்ணுக்கு நேரே உங்கள் பெயரைக் கொண்டிருப்பது எங்கோ இருக்கும் பதிவேடு. வீடு மாறியவர், தொலைபேசி எண்ணை மாற்றியவர், நாயைப் பிறருக்குக் கொடுத்தவர் அதனை அறிவியாதிருப்பின், சில்லு சரியான எண்ணைச் சொல்லும். பதிவேடு தவறான வீட்டைச் சொல்லும்.

இதனை உணர்ந்தே இங்கிலாந்தின் சட்டம் அமைந்துள்ளது. 2016 ஏப்பிரல் 6 முதல், எட்டு வாரம் கடந்த நாய்களுக்கு நுண்சில்லு அங்கே கட்டாயமாயிற்று. விபரங்களைப் புதுப்பித்து வைத்தலும் வளர்ப்பவரின் கடமை. அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் குறையைத் திருத்தாதவருக்கு 500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். உள்ளூராட்சி மன்றம் பிடிக்கும் கட்டாக்காலி நாய் ஏழு நாட்கள் வைத்திருக்கப்படும். அதற்குள் உரியவர் அறியப்படாவிடின், அது வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம், கொல்லப்படவும் கூடும். பழைய முகவரி ஒன்று ஒரு நாயின் உயிரைப் போக்கவல்லது.

நாம் செய்யத்தக்கவை எளியன. ஆண்டுதோறும் பதிவையும் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையைப் பாதுகாத்து வையுங்கள். நுண்சில்லு பொருத்தியிருப்பின், அதன் எண் எந்தப் பதிவேட்டில் உள்ளது என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில்லு இருப்பினும் கழுத்துப் பட்டியைக் கைவிடற்க. வாசிப்புக் கருவி இல்லாத அயலவருக்கும் பட்டியில் எழுதிய பெயர் புரியும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இன்று மாலையே உங்கள் நாயின் பதிவுத் துண்டை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதப்பட்டுள்ள முகவரியில் நீங்கள் இன்னமும் வசிக்கின்றீர்களா?