அமிலமும் காரமும் சேரும்போது எழும் வெப்பம்

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் கலந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நிறம் மாறாது, நுரை எழாது, வீழ்படிவும் இல்லை. குவளையைத் தொட்டால்தான் சூடு தெரியும். உப்பும் நீரும் உருவாகும்போது வெளிப்படும் இந்தச் சூட்டுக்கு நடுநிலையாக்கல் வெப்பம் என்று பெயர்.

இதை அளக்க ஒரு தெர்மோகோல் கப்பும் வெப்பநிலைமானியும் போதும். ஒரு மோலார் செறிவுள்ள அமிலமும் காரமும் தலா 50 மி.லி., இரண்டும் 30 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். கலந்த சில நொடிகளில் வெப்பநிலை ஏறத்தாழ 37ஐ நெருங்கும். தலா 100 மி.லி. எடுத்தாலும் ஏற்றம் அதே 7 டிகிரிதான். வெப்பம் இரட்டிப்பாகும்போது அதை வாங்கிக்கொள்ளும் நீரும் இரட்டிப்பாகிவிடுகிறது. ஒரு மோல் நீர் உருவாவதற்குக் கணக்கிட்டால் சுமார் 57 கிலோஜூல்.

நைட்ரிக் அமிலத்தையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் எடுத்தாலும் இந்த எண் அநேகமாக மாறுவதில்லை. வேதியியலின் அழகான உண்மைகளில் இது ஒன்று. வலிமையான அமிலமும் காரமும் நீரில் கரைந்தவுடனேயே அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன. சோடியம், குளோரைடு அயனிகள் கலப்பதற்கு முன் இருந்தபடியே பின்னும் கிடக்கின்றன. ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் கூடி நீராவது மட்டுமே அங்கே நடக்கும் வினை. 1887இல் ஸ்வாந்தே அர்ரீனியஸ் விளக்கிய அயனிக் கொள்கைக்கு இந்த மாறா எண் வலுவான சான்றாக அமைந்தது.

வலிமை குன்றிய அமிலங்களில் கணக்கு மாறும். அவற்றின் மூலக்கூறுகளைப் பிரிக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிறது. அசெட்டிக் அமிலத்தில் குறைவு சிறிதுதான். ஹைட்ரோசயனிக் அமிலத்திலோ மிஞ்சுவது 12 கிலோஜூல் அளவே. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இதற்கு நேர்மாறு: சின்னஞ்சிறு ஃபுளூரைடு அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழும்போது கூடுதல் வெப்பம் வெளிவருவதால், எண் 68ஐ எட்டுகிறது. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டால் கரைசல் குளிர்ந்தே போகும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் அந்த வினை, மொத்தத்தில் வெப்பத்தை உறிஞ்சுகிறது.

அடர் அமிலத்தில் நீர்க்கும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மைன் ஹெஸ், கந்தக அமிலத்தில் வெவ்வேறு அளவு நீர் சேர்த்து, பிறகு அம்மோனியாவால் நடுநிலையாக்கிப் பார்த்தார். முதலில் அதிக வெப்பம் வெளிவந்தால் பிறகு குறைந்தது. கூட்டுத்தொகை மட்டும் மாறவில்லை. 1840இல் அவர் வெளியிட்ட ஹெஸ் விதி இத்தகைய அளவீடுகளிலிருந்து பிறந்தது. தோலில் அமிலம் பட்டால் காரத்தை ஊற்றக் கூடாது என்பதும் இந்த வெப்பத்தால்தான்: அமிலப் புண்ணோடு தீப்புண்ணும் சேரும். ஓடும் குழாய் நீரில் வெகுநேரம் கழுவினால், அமிலமும் அகலும், சூடும் நீரோடு போய்விடும்.