தலைக்கு ஏறிய கைக்குட்டை

ஆங்கிலேயர் வீட்டுப் பேச்சில் ‘ஹாங்கி’ என்று சுருக்கி வழங்கும் சொல்லின் முழு உருவம் ‘ஹாண்ட்கர்ச்சீப்’ என்பதாகும். அதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ‘கர்ச்சீப்’ என்பது, தலையை மூடுவது என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் மரூஉ. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதன் முன்னே ‘கை’யை ஒட்டினர். ஆகவே நேர்ப்பொருள், ‘கைத் தலைமூடி’ என்பதே!

இதைக் கண்டு நாம் நகைப்பதற்கில்லை. பாரசீகத்தில் முகந்துடைக்கும் துணிக்குப் பெயரான ‘ரூமால்’, தமிழில் ‘உருமால்’ ஆகித் தலைப்பாகையையும் குறிக்கலாயிற்று. அங்கே தலைத்துணி கைக்கு இறங்கிற்று. இங்கே முகத்துணி தலைக்கு ஏறிற்று.

இவ்விரண்டு கதைகளும் ஒன்றுகூடிய இடம் அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய இவ்வூரின் நெசவாளர், ‘மதராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ என்று உலகச் சந்தை அறிந்த கட்டம் போட்ட துணியை நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிவந்தனர். அது சட்டைப்பையில் அடங்கும் துண்டன்று. ஏறக்குறைய ஒரு கஜச் சதுரங்களாக, வெட்டாமல் நீளமாக நெய்யப்படுவது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதனை ‘இன்ஜிரி’ என்று அழைத்து, சடங்குகளில் மரியாதையாக உடுத்தினர். கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் பெண்கள் தலையில் கட்டும் துணிக்கு ‘மதராஸ்’ என்றே பெயர். வர்த்தகன் ‘கை’ என்று பெயரிட்டான்; அணிந்தவரோ அதைத் தலைக்கே திரும்ப ஏற்றினர்!

ஆயினும் பெயரின் பெருமை நெசவாளியின் வயிற்றை நிரப்புவதில்லை. 1970-ஆம் வருஷங்களில் நைஜீரியச் சந்தை அடைபட்டதும் அனகாபுத்தூர்த் தறிகள் தத்தளித்தன. கடல் கடந்த ஒரே வாடிக்கைக்காரனை நம்பிய தொழிலின் கதி அது. எஞ்சியவர்களில் சிலர் சோர்ந்துவிடாமல் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு புடைவை நெய்யத் தொடங்கினர். அவர்களுடைய ஊக்கம் மெச்சத்தக்கது.

எனினும் ஊக்கம் மட்டும் போதுமா? அகராதியில் ‘மதராஸ்’ என்ற சொல்லுக்கு இன்றும் இடமுண்டு. அதை நெய்தவனுக்கு நம் வீட்டில் இடமுண்டா? அயலார் தலையில் தாங்கிய துணியை நாம் கையாலேனும் தொட்டு வாங்க வேண்டாமா? நேயர்களே, சொல்லின் வேரைத் தேடியது போதும். தறியின் வேருக்குச் சிறிது நீர் வார்ப்போம்.