வானொலி பெற்றெடுத்த திரை: அர்ஜென்டினா, 1933

பேசும் படம் வந்தபோது, அதுவரை மௌனப் படங்களால் அர்ஜென்டினாவின் அரங்குகளை நிறைத்திருந்த ஹாலிவுட் நிறுவனங்கள், மொழித் தடையைத் தாண்டுவதற்காக ஒரே கதையை ஸ்பானிய மொழி நடிகர்களைக் கொண்டு மறுபடியும் எடுத்துப் பார்த்தன. ஆனால் பல நாட்டு உச்சரிப்புகள் கலந்து ஒலித்த அப்படங்களில் புவனோஸ் அய்ரெஸ் நகரத்தாரின் பேச்சு இல்லை. உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்கு வழி திறந்தது அந்தக் குறையே.

1933 ஏப்ரல் 27 அன்று, ஆஞ்சல் மென்டஸ்டி நிறுவிய 'அர்ஜென்டினா சோனோ ஃபிலிம்' நிறுவனம், லூயிஸ் மோக்லியா பார்த் இயக்கிய 'டாங்கோ!' படத்தை வெளியிட்டது. தனி இசைத்தட்டைப் படத்தோடு ஓடவிட்ட முந்தைய முயற்சிகளைப் போலன்றி, ஒலியைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதிந்த நாட்டின் முதல் முழுநீளப் படம் இது. டாங்கோ என்பது அந்நகரின் துறைமுகப் பகுதிகளிலும் எளியோர் குடியிருப்புகளிலும் வளர்ந்த இசையும் நடனமும் ஆகும். கதை மெலிந்ததுதான், சொல்லப்போனால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நிற்கும் சாக்கு. ஆயினும் வானொலியிலும் இசைத்தட்டிலும் குரலாக மட்டுமே பலரை எட்டியிருந்த அசுசேனா மைசானி, லிபர்தாத் லமார்க்கே போன்றோரின் முகங்களை எந்த ஊர் ரசிகரும் காண முடிந்தது என்பதே அதன் உண்மையான ஈர்ப்பு.

மே 19 அன்று வெளியான 'லோஸ் த்ரெஸ் பெரெத்தினெஸ்' படத்தின் பின்னணி இன்னும் சுவையானது. தலைநகரின் வடக்கே முன்ரோவில் 'லுமித்தோன்' படப்பிடிப்புத் தளத்தை எழுப்பிய என்ரிக்கே சுசினியும் அவருடைய நண்பர்களும், 1920இல் கொலிசேயோ அரங்கின் கூரையிலிருந்து வாக்னரின் 'பார்சிஃபல்' இசை நாடகத்தை ஒலிபரப்பி, 'மொட்டைமாடிப் பைத்தியங்கள்' என்று பெயரெடுத்தவர்கள். கால்பந்து, டாங்கோ, சினிமா என்னும் மூன்று மோகங்களால் அலைக்கழியும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை நகைச்சுவையாகக் காட்டிய இப்படம், இசை எழுதத் தெரியாமலே டாங்கோ இயற்றும் மகனாக நடித்த லூயிஸ் சான்ட்ரினியைப் பெரும் நட்சத்திரமாக்கியது. பாட்டுகளின் தொகுப்பான 'டாங்கோ!'வைவிட, அன்றாடப் பேச்சையும் வீட்டுச் சச்சரவையும் பதிந்த இதுவே அடுத்துவந்த நகைச்சுவைப் படங்களுக்கு நெருங்கிய முன்னோடி.

இத்தனைக்கும் டாங்கோவின் தலையாய பாடகரான கார்லோஸ் கார்தெல் இவ்விரு படங்களிலும் இல்லை. அர்ஜென்டினாவில் 1930இல் சில குறும்படங்களில் பாடிய அவர், 1935இல் மெதெயின் நகரில் நேர்ந்த விமான விபத்தில் இறக்கும் வரை, தம் முழுநீளப் பேசும் படங்கள் அனைத்திலும் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாரிசுக்கு அருகிலும் நியூயார்க்கிலுமே நடித்தார்.