நம்ம ஊருக்கும் அரியர் இருக்கா?

செமஸ்டர் ரிசல்ட் நாலு நாள் லேட்டானாலே ஹாஸ்டல் ரெண்டுபடும். நம்ம ஊராட்சிக்கும் வருஷா வருஷம் ஒரு ரிசல்ட் உண்டு பாஸ். பேரு, தணிக்கை அறிக்கை. அது வந்துச்சானு என்னிக்காவது கேட்டிருக்கோமா?

விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்கள்ல எங்க காணையும் ஒண்ணு. இங்கே கிராம ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்ய, துணை வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கார். ஒன்றியத்தோட கணக்கைப் பார்ப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை.

சரி, லேட்டானா என்ன? போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கினதா ஒரு பில்னு வெச்சுக்குவோம். உடனே தணிக்கை நடந்தா, மோட்டாரை நேர்லயே பார்த்துடலாம். மூணு வருஷம் கழிச்சுன்னா? மோட்டார் காயலான் கடையில, பில் கரையான் வாயில, கையெழுத்துப் போட்டவர் டிரான்ஸ்ஃபர்ல!

எங்க மாவட்டத்துல இன்னொரு சிக்கல். 2016 அக்டோபர்ல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சது. 2019 டிசம்பர்ல 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தப்பவும், கள்ளக்குறிச்சி தனியா பிரிஞ்சதால விழுப்புரத்துக்கு நடக்கலை. 2021 அக்டோபர்லதான் நடந்துச்சு. நடுவுல 5 வருஷம் தனி அலுவலர்கள் நிர்வாகம். அந்தக் காலத்துக் கணக்குல தாமதமா ஒரு தணிக்கைத் தடை வந்தா, புதுசா ஜெயிச்சு வந்த தலைவர் என்ன பதில் சொல்வார்? பாவம், அவர் அப்போ பதவியிலயே இல்லையே!

இதுல காசும் போகும். 15-வது நிதிக்குழு கறாரா ஒரு கண்டிஷன் போட்டுச்சு. 2023-24 முதல், முந்தைய வருஷத்தின் தற்காலிகக் கணக்கும், அதுக்கும் முந்தைய வருஷத்தின் தணிக்கை முடிஞ்ச கணக்கும் இணையத்துல இருக்கற உள்ளாட்சிகளுக்குத்தான் மானியம். அரியர் இருந்தா கேம்பஸ் இன்டர்வியூல உட்கார விடாத மாதிரிதான். ஆனா ஒரு வித்தியாசம். அங்கே அரியர் வெச்சவனுக்கே நஷ்டம். இங்கே பேப்பர் தேங்குறது ஆபீஸ்ல, குடிதண்ணி வேலை நிக்கிறது தெருவுல. ஏன்னா, அந்த மானியத்துல 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான்.

நாம என்ன பண்ணலாம்? 1994-ம் வருஷத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தணிக்கை அறிக்கையை கிராம சபை முன்னால வெச்சு ஒப்புதல் வாங்கணும். வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். லீவுக்கு ஊருக்குப் போறப்போ, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி கூட்டம் நடக்கற நாளாப் பார்த்துப் போங்க. அதுக்கு முன்னாடி, 2020-ல வந்த இ-கிராம்ஸ்வராஜ் தளத்துல உங்க ஊர் செலவை ஒரு தடவை பார்த்துக்குங்க. கூட்டத்துல சத்தம் போட வேணாம், மரியாதையா ஒரே கேள்வி போதும்: 'போன வருஷத்துத் தணிக்கை அறிக்கை வந்துடுச்சாங்க?'