மண்புழு காக்கும் கழிப்பறை

கழிப்பறையில் ஒரு வாளி ஜலம் ஊற்றியதும் காரியம் முடிந்ததென்று நாம் நிம்மதி கொள்கிறோம். ஆனால் செப்டிக் டாங்க்குக்குள் பிராணவாயு இன்றி அழுகும் மலம் ஆண்டுதோறும் சேறாகத் திரண்டு, என்றேனும் ஒரு நாள் யாரேனும் அதை வாரியே தீரவேண்டும் என்னும் நிலைமையை உண்டாக்குகிறது. தக்க பாதுகாப்பின்றி மனிதரை அத்தொட்டிகளில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும், விஷவாயுவுக்கு உயிர்கள் பலியாகும் செய்தி ஓயவில்லை என்பது நம் சமூகத்தின் மீது படிந்த தீராத களங்கம்.

இந்தச் சேற்றைப் பெருகவிடாமலே செய்யும் உபாயம் ஒன்று உண்டு. சிலி தேசத்துச் சர்வகலாசாலையில் ஹொசே தோஹா என்னும் விஞ்ஞானி, 1990-களின் தொடக்கத்தில், கழிவுநீரை மண்புழுப் படுகையின் வழியே வடியவிட்டுச் சுத்திகரிக்கும் முறையை உருவாக்கினார்; அதே தத்துவத்தை வீட்டுக் கழிப்பறைக்குப் பொருத்தி, புனே நகரத்து பிரைமூவ் நிறுவனம் 'டைகர் டாய்லெட்' என்ற பெயரில் மகாராஷ்டிர கிராமங்களில் அமைத்தது. மேனியெங்கும் வரிகள் ஓடும் ஐசீனியா ஃபெடிடா என்னும் புழுவே அப்பெயருக்குக் காரணம்.

அமைப்பு எளியது. தொட்டியின் அடியில் கருங்கல் ஜல்லியும் மணலும், மேலே தேங்காய் நாரோ மரச்சீவலோ பரப்பிய படுகையும் இருக்கும். ஜலம் உடனே கீழே வடிந்துவிட, தங்கிய மலத்தைப் புழுக்களும் அவற்றோடு வாழும் நுண்ணுயிர்களும் காற்றோட்டத்தில் சிதைப்பதால் துர்நாற்றம் வெகுவாகக் குறைகிறது; மூடியைத் திறந்து பார்த்தால், முந்தைய வாரத்து மலம் இருந்த இடத்தில் தேயிலைத் தூளையொத்த கருமையான எச்சமே கிடக்கும். கன பரிமாணம் இவ்வாறு மிகவும் சுருங்கிவிடுவதால், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளினாலே போதும். அப்போது அள்ளுவதும் புத்தம்புது மலமன்று.

எனினும் இந்த அமைப்பை யந்திரம்போல் பாவிக்கலாகாது. ஈரத் தோலால் சுவாசிக்கும் மண்புழு, மழைவெள்ளம் தொட்டியில் தேங்கினால் மூச்சுத் திணறும். உஷ்ணம் 35 பாகையைக் கடந்தால் மடியும். ஆகையால் வெயில் தகிக்கும் நம் ஊர்களில் தொட்டிக்கு நிழல் அத்தியாவசியம். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை அறவே விலக்கி, சோப்பு கலந்த குளியல் நீரையும் தனிவழியே போக்கவேண்டும். உருண்டைப்புழுவின் முட்டைகள் இம்முறையிலும் தப்பிப் பிழைக்கக்கூடுமாதலால், எச்சத்தைப் பல மாதம் ஒதுக்கி மக்கவிட்ட பிறகே மரங்களுக்கு இடுவதும், வடிந்த நீரைக் கீரைப் பாத்திக்குப் பாய்ச்சாமல் தென்னை, வாழையின் வேருக்கு மண்ணுக்கடியிலேயே செலுத்துவதும் உசிதம்.