விரல்களைக் காக்கும் படங்கள்

மூணாற்றை அடுத்துள்ள பள்ளிவாசல் என்றதும் நீர்மின் நிலையமே பலருக்கும் நினைவுக்கு வரும். 1940ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய அது, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமாகும். அம்மலைச் சரிவுகளின் மற்றோர் ஆற்றல், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் கைகளில் உள்ளது. தேயிலைக் கொழுந்தைப் பறிப்பதற்கு விரல்கள் விரைவாகவும் பதமாகவும் இயங்க வேண்டும். விரல்கள் மடங்க மறுத்தால் குடும்பத்தின் பிழைப்பே தடுமாறும்.

சிலருக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரம் கடந்தும் அவ்விறைப்பு நீங்குவதில்லை. இரு கைகளிலும் மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டுகளும் ஒருசேர வீங்குகின்றன. இதனை மலைக்குளிர் என்றோ வேலைக் களைப்பு என்றோ கருதித் தைலம் தேய்த்துக்கொண்டு நாள்களைக் கடத்துவோர் உண்டு. ஆனால், இது முடக்குவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

நோயின் இயல்பு

எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் இடம் மூட்டு எனப்படும். அங்கு எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். மூட்டின் உட்புறம் அமைந்த மெல்லிய சவ்வு, உராய்வைக் குறைக்கும் நீர்மத்தைச் சுரக்கும். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் அமைப்பு, முடக்குவாதத்தில் இச்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. அரிக்கப்பட்ட எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே, அரிப்புத் தோன்றும் முன்னரே நோயை அறிதல் இன்றியமையாதது.

ஊடுகதிர்ப் படம்

ஜெர்மானிய அறிவியலறிஞர் ராண்ட்ஜன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை அக்கதிர்களால் படம் பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் புலப்பட்டன. முடக்குவாத ஆய்விலும் முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் கைகளின் ஊடுகதிர்ப் படமே. பாதங்களையும் உடன் படமெடுப்பர். ஏனெனில், சிலருக்கு எலும்பரிப்புக் கால்விரல் மூட்டுகளில்தான் முதலில் தோன்றும்.

இப்படத்தில் குருத்தெலும்பு தெரியாது. அதன் இடம் எலும்புகளுக்கிடையே ஓர் இடைவெளியாகத் தோன்றும். அவ்விடைவெளி குறுகினால் குருத்தெலும்பு தேய்ந்துள்ளது என்பது பொருள். மூட்டோரத்தில் எலும்பு அரிக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். எனினும், வீங்கிய சவ்வை ஊடுகதிர் தெளிவாகக் காட்டாது. ஆகவே, நோயின் தொடக்க மாதங்களில் படம் இயல்பாகவே தோன்றக்கூடும். படத்தில் ஒன்றும் இல்லை என்பதனால் நோயே இல்லை என்று முடிவு செய்தல் பிழையாகும்.

மீயொலியும் காந்தமும்

இக்குறையை வேறு இரு கருவிகள் நிறைவு செய்கின்றன. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியே மீயொலி. தோலின்மீது பசைபோன்ற பொருளைத் தடவி, சிறு கருவியை நகர்த்தும்போது, உள்ளே சென்று திரும்பும் எதிரொலிகள் திரையில் படமாகின்றன. வௌவால் எதிரொலியைக் கொண்டு வழியறிவது போன்றதே இதுவும். தடித்த சவ்வும் தேங்கிய நீர்மமும் இதில் தெரியும். சவ்வில் மிகுந்து பாயும் குருதியை இக்கருவி நிறமாகவும் காட்டும். அந்நிறம், வீக்கத்தின் உள்ளே நோய் முனைப்பாக உள்ளது என்பதற்கு அடையாளம்.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் படம், எலும்பின் உட்புறத்தையே காட்டவல்லது. எலும்பு மச்சையில் தோன்றும் நீர்க்கோவையை இது புலப்படுத்தும். அந்நீர்க்கோவை, பின்னாளில் அங்கே அரிப்பு உண்டாகலாம் என்பதற்கான முன்னெச்சரிக்கையாகும். இவ்விரு முறைகளிலும் எக்ஸ் கதிர் பயன்படுத்தப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ. படத்திற்குச் செலவும் நேரமும் மிகுதி. ஆதலால் அனைவருக்கும் அது தேவைப்படுவதில்லை. மருத்துவர் மூட்டைத் தொட்டு ஆராய்ந்து, குருதிச் சோதனை முடிவுகளையும் நோக்கிய பின்னரே எப்படம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பார்.

படமும் மருந்தும்

நோயை அறிவதோடு படத்தின் பணி முடிவதில்லை. சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும் பின்னர் எடுத்த படத்தையும் மருத்துவர் ஒப்பிடுவார். மீயொலியில் தெரிந்த நிறம் மங்கினால் நோய் தணிகிறது என்று அறியலாம். புதிய அரிப்புத் தோன்றினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மருந்து மெதோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் நிகழ்ந்த ஆய்வுகள் இம்மருந்து உருவாக வழிவகுத்தன. முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட இது, இன்று முடக்குவாதத்திற்குக் குறைந்த அளவில், வாரத்திற்கு ஒருமுறை அளிக்கப்படுகிறது. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட 1895ஆம் ஆண்டே சுப்பாராவ் பிறந்த ஆண்டுமாகும்.

காலை விறைப்பும் மூட்டு வீக்கமும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் தைலத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாட வேண்டும். தாயின் விரல்கள் காலையில் மடங்க மறுப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பிள்ளைகளே. அதனை அவர்கள் உரிய காலத்தில் எடுத்துக் கூறினால், அக்கைகள் பல்லாண்டு இயங்கும்.

சொற்பொருள்

நீர்மம் – திரவம்
மச்சை – எலும்பின் உள்ளிருக்கும் மென்பொருள்
நீர்க்கோவை – நீர் கோத்து நிற்றல்
முனைப்பு – தீவிரம்

சிந்தித்து விடை எழுதுக

1. ஊடுகதிர்ப் படத்தில் குருத்தெலும்பின் தேய்வு எவ்வாறு அறியப்படுகிறது?
2. கைகளோடு பாதங்களையும் படமெடுப்பது ஏன்?
3. ‘படத்தில் ஒன்றும் இல்லை, எனவே நோய் இல்லை’ – இக்கூற்று பொருந்துமா? காரணம் தருக.