கடலூருக்கு ஒரு நகல் போதாது

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் பெருமழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் பாய்ந்த வெள்ளம். இருபது ஆண்டுகளில் கடலூர் மாவட்டம் கண்ட பேரிடர்களில் பெரியவை இவை. ஒவ்வொரு முறையும் வீடு, படகு, பயிர், கால்நடை என்று இழப்பைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கில் ஏறாத இழப்பு ஒன்று உண்டு. ஸ்டுடியோவின் மேஜைக்கடியில் நனைந்த கணினியில் யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் இருக்கும். டிடிபி சென்டரில் பத்திர வரைவுகளும், சிறு மருத்துவமனையில் நோயாளிகளின் பழைய குறிப்புகளும், அண்ணாமலைநகரில் ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டு அளவீடுகளும் இருக்கும். கணினிக்கு விலை உண்டு, வேறு வாங்கலாம். உள்ளே இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நகல் எடுத்து வைத்திருக்கிறோம் என்று பலர் சொல்வார்கள். அதே மேஜையின் இழுப்பறையில் இருக்கும் ஹார்டு டிஸ்க்தான் அந்த நகல். தண்ணீருக்கு மேஜைக்கும் இழுப்பறைக்கும் வித்தியாசம் கிடையாது. இந்தப் பாடத்தைச் சிதம்பரம் நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. தில்லைக் கோயிலின் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகள் கிடந்தன, கதவைத் திறந்தபோது கரையான் தின்றது போக மிஞ்சியதே அவற்றைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பிக்குக் கிடைத்தது என்று உமாபதி சிவத்தின் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1917இல், திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து சம்பந்தர் பதிகம் ஒன்று புதிதாகக் கிடைத்தது. ஓலைக்குப் பதில் கல், தில்லைக்குப் பதில் வேறு ஊர் என்று இரண்டும் மாறியிருந்ததால்தான் அது பிழைத்தது. நகல் எத்தனை என்பதோடு, எங்கே, எதில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

வேறிடத்தில் நகல் வைக்கும் வேலைக்கென்றே ஒரு கருவி 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர் ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் எழுதிய கட்டற்ற மென்பொருள் அது. சுட்டியால் தட்டும் படங்கள் அதில் இல்லை. எந்தக் கோப்புறையிலிருந்து எந்தக் கோப்புறைக்கு என்று ஒரு வரி கட்டளை எழுதினால் போதும். ஒவ்வொரு கோப்பின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் இரு பக்கமும் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் கையில் எடுக்கும். வலைவழியே அனுப்பும்போது அந்தக் கோப்பையும் துண்டு துண்டாகப் பார்த்து, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும். கடலூர்க்காரருக்கு இதனால் என்ன லாபம் என்றால், முதல் முழு நகலை ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வெளியூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் வைத்துவிடலாம். அதன் பிறகு அன்றாட மாற்றங்களை மட்டும் செல்பேசி இணையத்திலேயே அனுப்பிவிடலாம்.

ஆனால் கருவி இருப்பதாலேயே காப்பு வந்துவிடாது. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. இந்தக் கட்டுரையின் வாதமே இதுதான். ஒத்திசைவு இரு பக்கத்தையும் ஒன்றாக்கும். இந்தப் பக்கம் தவறு நடந்தால் அந்தப் பக்கமும் அதே தவறு நடக்கும். ஆர்சிங்கில் டெலீட் என்றொரு விருப்பம் உண்டு. மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கிவிடும். மூல ஹார்டு டிஸ்க் சரியாக இணையாமல் கோப்புறை வெறுமையாகத் தெரியும் நாளில் அந்தக் கட்டளை ஓடினால், நகலும் வெறுமையாகும். கோப்புறைப் பெயரின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும். டெலீட்டோடு சேரும்போது இந்த ஒரு கோடு பெரிய சேதம் செய்யும். பிணைத்தொகை கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் தீநிரல் நுழைந்தால், பூட்டிய கோப்புகளையும் புதிய மாற்றம் என்றே எண்ணி ஆர்சிங்க் கடமையாக அனுப்பிவைக்கும். பெரிய இடங்களும் இப்படிப்பட்ட சறுக்கலுக்குத் தப்பவில்லை. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகச் சூப்பர் கம்ப்யூட்டரில், காப்பு எடுப்பதற்கென எழுதிய வேறொரு நிரலின் பிழையால் சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. பாதிக்கப்பட்ட ஆய்வுக் குழுக்கள் 14.

இதற்கான தற்காப்பு ஆர்சிங்குக்குள்ளேயே இருக்கிறது, பலர் தொடுவதில்லை. டிரை ரன் என்ற விருப்பம் ஓர் ஒத்திகை. எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அதைப் படிக்காமல் டெலீட்டைத் தொடவே கூடாது. நீக்கப்படுவதையும் மாற்றப்படுவதையும் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கச் சொல்லும் பேக்கப் டிர், ஓர் எண்ணிக்கைக்கு மேல் அழிக்கவிடாத மேக்ஸ் டெலீட் ஆகியவையும் உண்டு. லிங்க் டெஸ்ட் என்பதை எல்லாவற்றிலும் மேலாகச் சொல்வேன். தேதிவாரியாக முழுத் தொகுப்பு கிடைக்கும், மாறாத கோப்புகள் மறுபடி இடம் பிடிக்காது. திங்கட்கிழமை கெட்டதை ஞாயிற்றுக்கிழமைத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நகல் வைத்த டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றிவிட்டால் தீநிரல் அதைத் தொட முடியாது. இடம் பற்றியும் ஒரு சொல். கடலூரை அச்சுறுத்துவது தென்பெண்ணையும் கெடிலமும், சிதம்பரம் பக்கத்தை அச்சுறுத்துவது கொள்ளிடமும் வெள்ளாறும். ஆற்று வெள்ளத்துக்கு ஓர் ஊரின் நகலை மற்ற ஊரில் வைப்பது நல்ல ஏற்பாடுதான். புயலுக்கு அது உதவாது, இரண்டும் ஒரே கரையோரம். மூன்றாவது நகல் சேலத்திலோ மதுரையிலோ ஓர் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கிளவுடில் எல்லாம் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. மேகச் சேவைகள் பயனுள்ளவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை செய்வதும் ஒத்திசைவுதான். இங்கே அழித்தது அங்கும் அழியும், குப்பைத்தொட்டியில் சில நாள் மட்டும் கிடக்கும். கடவுச்சொல் பறிபோனால் கணக்கோடு சேர்ந்து எல்லாம் பறிபோகும். ஆகவே மேகம் ஒரு நகலாக இருக்கலாம், ஒரே நகலாக இருக்கக் கூடாது. கருப்புத் திரையில் தட்டச்சு செய்வது நமக்கு வராது என்பது இன்னொரு தயக்கம். எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. ஒருமுறை சரியாக எழுதி, ஒத்திகை பார்த்துச் சேமித்துவிட்டால் தினமும் இரவில் தானே ஓட வைக்கலாம். லினக்ஸில் ஆர்சிங்க் எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. அதன் மிர் விருப்பமும் டெலீட்டைப் போலவே அழிக்கும் என்பதை மறக்க வேண்டாம். இணையம் வழியாக அனுப்புவோர் எஸ்எஸ்ஹெச் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே மட்டும் அனுப்ப வேண்டும். ஆர்சிங்கின் சொந்த 873ஆம் வாயிலில் (போர்ட்) மறையாக்கம் கிடையாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கடுமையான ஓட்டைகளை 3.4.0 பதிப்பு அடைத்தது. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர் உடனே புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தவரின் தரவை வைத்திருப்பவருக்குக் காப்பு எடுப்பது விரும்பினால் செய்யும் வேலையாக இனி இருக்காது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு வெளியே கசிவதை மட்டும் மீறலாகக் கொள்ளவில்லை. அழிவதையும், எடுக்க முடியாமல் போவதையும் மீறல் என்கிறது. தகுந்த பாதுகாப்பு இல்லாததற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். 2025 நவம்பரில் வந்த விதிகள் காப்பு நகலைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதுவரை தரவை இழந்தவருக்கு நாதியில்லை என்று பொருளல்ல. ஒருவர் உங்கள் கணினியிலுள்ள தரவை அனுமதியின்றி அழித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

காசு வாங்கிக்கொண்டு பழுது பார்த்தவர் கவனக்குறைவால் படங்களை அழித்துவிட்டால் அது சேவைக் குறைபாடு. கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இணையக் குற்றங்களுக்கு 1930. ரசீது வாங்காதவர் ஆணையத்தில் போய் நிற்பது கடினம். ஆகவே கணினியைப் பழுது பார்ப்பவர் கையில் கொடுக்கும் முன், உள்ளே என்ன இருக்கிறது, எதை அழிக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஆணையம் பணம் வாங்கித் தரலாம், படத்தை வாங்கித் தர முடியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் உங்கள் நகலிலிருந்து ஒரு கோப்பையாவது வேறொரு கணினியில் எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் சரிசெய்ய அப்போது நாள் இருக்கும்.